தேயிலைத் தொழிற்சாலையின் பூட்டும் சாவியும்: பூட்டு வேலையை மேற்பார்வை செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

"பெக்கிங் ரூம் சாவி இப்ப யாருகிட்ட இருக்கு?" இரவு இரண்டு மணிக்குத் தொழிற்சாலையில் இப்படிக் கேட்டால் அரை நிமிடத்தில் ஓர் ஆளின் பெயர் பதிலாக வரவேண்டும். "ஐயாகிட்டத்தான் இருக்கும்", "அங்கதான் எங்கயாச்சும் தொங்கும்" என்று இழுத்தால், கதவில் என்ன விலைப் பூட்டுத் தொங்கினாலும் அது வெறும் அலங்காரம். தோட்டங்களில் காணாமல் போகும் தேத்தூளில் பெரும்பகுதி பூட்டை உடைத்துப் போவதில்லை. சாவி போட்டுத் திறந்துதான் போகிறது. அதனால் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கான இந்த வழிகாட்டி பூட்டைவிடச் சாவியைப் பற்றித்தான் அதிகம் பேசும்.

முதல் படி: கதவுகளை எண்ணுதல்

பூட்டு வாங்கும் முன் ஒரு கொப்பியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு முழு இடத்தையும் நடந்து பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து ஒருவர், ஆபிஸிலிருந்து ஒருவர் என இருவர் போகவேண்டும். ஒருவர் மட்டும் போனால் தனக்குப் பழகிய கதவு அவர் கண்ணில் படாது. தொழிற்சாலை, ஆபிஸ், உரக் காம்பரா (உர அறை), பூச்சி மருந்தும் களை மருந்தும் வைக்கும் மருந்து ஸ்டோர், டீசல் கொட்டகை, ஜெனரேட்டர், கொழுந்து நிறுக்கும் மடுவங்கள், தண்ணீர்த் தாங்கி, டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா எல்லாவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை நூறைத் தொட்டாலும் ஆச்சரியப்படவேண்டாம்.

ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணைக் கதவின் வெளியே எழுதாமல், நிலையின் உள்பக்கம், பிணைச்சல் இருக்கும் பக்கத்தின் மேல்மூலையில் பெயின்டால் எழுதுங்கள். கொப்பியில் கதவு மரமா தகரமா, பூட்டு எந்த வகை, சாவிகள் எத்தனை, யார் யாரிடம், பூட்டு கடைசியாக எப்போது மாறியது என்று குறியுங்கள். சாவி எண்ணிக்கைக்கு இரண்டு பத்தி போடவேண்டும்: "இருப்பதாகச் சொல்வது" ஒன்று, "கையில் வாங்கிப் பார்த்தது" ஒன்று. இரண்டுக்கும் இடையில் விழும் வித்தியாசம்தான் உங்கள் உண்மையான ஆபத்து. நான்கு இருப்பதாகச் சொல்லி மூன்றுதான் கைக்கு வந்தால், அந்தப் பூட்டை மாற்றவேண்டிய பட்டியலில் போடுங்கள். நான்காவது எங்கே என்று வாரக்கணக்கில் விசாரிப்பது வீண்.

பெயர் வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆட்கள் "ஸ்டோர்" என்றால் தொழிற்சாலை முழுவதையும் சொல்வார்கள். ஆபிஸ்காரர் "ஸ்டோர்" என்றால் சாமான் அறையைச் சொல்வார். கொப்பியில் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

மாடிச் சன்னல்களையும் விடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்துத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் மாடிகளில் வரிசை வரிசையாகச் சன்னல்கள். கீழே கதவில் இரும்புப் பட்டை அடித்துவிட்டு, மேலே நாதாங்கி கழன்ற சன்னலைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கும் இடங்கள் குறைவல்ல. ஆடுகிற தகரம், ஆணி கழன்ற கம்பி வலை இவையும் கதவுக் கணக்கில்தான் வரும்.

இரண்டாவது படி: எந்தக் கதவு எதற்கு

எல்லாக் கதவுக்கும் ஒரே அளவு கவனம் கொடுத்தால் எதற்கும் கவனம் இல்லாமல் போகும். சரக்குக் கதவுகள் என்பவை பெக்கிங் ரூம், தூள் கொட்டி வைக்கும் தொட்டிகள், கழிவுத் தேயிலை அறை. ஆபத்துக் கதவுகள் என்பவை மருந்து ஸ்டோர், டீசல், மின்சாரப் பலகை. காசும் கடதாசியும் இருக்கும் கதவு ஆபிஸ். இவற்றோடு சேராதது ஒன்று உண்டு: ஆட்கள் தப்பி ஓடவேண்டிய கதவு. மிச்சமெல்லாம் சாதாரணக் கதவு. நல்ல ஆமைப்பூட்டு ஒன்று போதும்.

கழிவுத் தேயிலை அறையை "குப்பைதானே" என்று விடுகிறவர்கள் உண்டு. அங்கிருந்து வெளியே போவது கலப்படத் தூளாகத் திரும்பி வரும். கழிவுத் தேயிலைக்குச் சட்டப்படி கணக்கும் காட்டவேண்டும். பெக்கிங் ரூமுக்குப் போடும் அதே தரப் பூட்டை இதற்கும் போடுங்கள்.

பெக்கிங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு நல்லது: இரண்டு வெவ்வேறு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடம் ஒன்று, உதவி மேலாளரான சின்னத்துரையிடம் ஒன்று. இருவரும் வராமல் கதவு திறக்காது. "அவசரத்துக்கு" என்று ஒருவர் தன் சாவியை மற்றவரிடம் கொடுத்து வைக்கும் நாளில் இந்த ஏற்பாடு செத்துவிடும். வாரம் ஒருமுறை, சொல்லாமல் போய், இரண்டு சாவியும் அவரவர் இடுப்பில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

தப்பும் கதவைப் பற்றிக் கறாராகச் சொல்லவேண்டும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவில் ஆமைப்பூட்டோ சங்கிலியோ போடக்கூடாது. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும், உள்ளிருந்து உடனே சுலபமாகத் திறக்க முடியாதபடி கதவைப் பூட்டி வைப்பதைத் தடுக்கிறது. 1911இல் நியூயோர்க்கின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள். களவுக்குப் பயந்து பூட்டிய கதவும் அதற்கு ஒரு காரணம். 2012இல் கராச்சி உடைத் தொழிற்சாலைத் தீயில் 250க்கும் மேற்பட்டோர் போனதிலும் பூட்டிய வழிகள் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் பஞ்சு போன்ற தூசு, விறகு அடுப்பு, காய்ந்த மர மாடி மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. களவு பயம் இருந்தால், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தள்ளுகம்பிப் பூட்டைப் போட்டு, திறந்தால் அலறும் மணியையும் பொருத்துங்கள். சிறு கண்ணாடிப் பெட்டிக்குள் சாவி தொங்கவிடுவது இதற்கு மாற்று அல்ல. புகையில் அந்தப் பெட்டியை யாரும் தேடிக்கொண்டிருக்கமாட்டார்கள்.

மூன்றாவது படி: சாவித் திட்டம்

மாஸ்டர் சாவி எல்லோருக்கும் பிடிக்கும். இடுப்பில் ஒரே சாவி, எல்லாக் கதவும் திறக்கும். ஆனால் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். சாவி நுழைந்து சுற்றும் உருளைதான் சிலிண்டர்; சாதாரணச் சிலிண்டரில் ஐந்து பின் (சிறு உலோகக் குச்சி) இருக்கும். ஒவ்வொரு பின்னும் ஒரே ஓர் உயரத்தில் நின்றால்தான் சிலிண்டர் சுற்றும். மாஸ்டர் சாவிக்காக ஒவ்வொரு பின்னிலும் ஒரு சிறு தகடு சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உயரம் சரிவரும். 2×2×2×2×2 என்று பெருக்கினால் 32 விதமான சாவி அந்தப் பூட்டைத் திறக்கும். உங்களுக்குத் தேவை இரண்டு. மீதி முப்பதும் நீங்கள் கேட்காமல் வந்தவை. திட்டம் போடாமல் வெட்டினால் டிஸ்பென்சரிச் சாவி ஆபிஸைத் திறக்கும் நாளும் வரும்.

அதனால் சரக்குக் கதவு, மருந்து ஸ்டோர், ஆபிஸ் மூன்றையும் மாஸ்டருக்கு வெளியே வையுங்கள். சாதாரணக் கதவுகளுக்கு மட்டும் ஒரு மாஸ்டர், அதற்கு இரண்டு பிரதிகளுக்கு மேல் கூடாது. மலையில் சிதறிக் கிடக்கும் மடுவங்களுக்கும் தாங்கிகளுக்கும் ஒரே சாவியில் திறக்கும் ஆமைப்பூட்டுத் தொகுதி வாங்கலாம். கங்காணிகள் பத்துச் சாவி தூக்கித் திரியவேண்டியதில்லை.

சாவியில் கதவின் பெயரை எழுதவேண்டாம். கதவு எண்ணையும் எழுதவேண்டாம். வேறொரு குறி அடியுங்கள். எந்தக் குறி எந்தக் கதவு என்பது தோட்ட மேலாளரான துரையின் பெட்டகத்தில் இருக்கும் ஒரே பட்டியலில் மட்டும் இருக்கட்டும். வழியில் விழுந்த சாவி எடுத்தவருக்கு எதுவும் சொல்லக்கூடாது.

நான்காவது படி: இடத்துக்கேற்ற பூட்டு

கொழும்புக் கடையில் நன்றாக ஓடும் பூட்டு மலையில் ஆறு மாதத்தில் இறுகிவிடுகிறது என்றால் மூன்று காரணம்: மூடுபனி, தேயிலைப் பஞ்சு, உரம்.

மூடுபனிக்கு, பல தகடுகளை அடுக்கி ஆணியடித்த ஆமைப்பூட்டுகளைத் தவிருங்கள். தகட்டிடுக்கில் ஈரம் நின்று உள்ளிருந்தே துரு பிடிக்கும். திண்ம உடலும், அடியில் நீர் வடியும் துளையும், சாவித்துளைக்கு மூடியும் உள்ளவையாக எடுங்கள். வளைவுக் கம்பி சரக்குக் கதவுக்கு 10 மில்லிமீட்டருக்குக் குறையாத, கடினப்படுத்திய உருக்காக இருக்கட்டும். சாதாரணக் கதவுக்கு 8 போதும். கம்பி இரண்டு பக்கமும் குண்டால் பிடிபடுகிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரிங் நாக்கில் நிற்கும் பூட்டை, சோடாத் தகரத்தை வெட்டிச் செருகியே திறந்துவிடலாம்.

நாதாங்கி பலவீனமாக இருந்தால் நல்ல பூட்டு வீண். மர ஆணி போட்ட நாதாங்கியை ஒரு கடப்பாரை ஒரே நெம்பில் எடுத்துவிடும். கதவை ஊடுருவும் 8 மில்லிமீட்டர் போல்ட், உள்ளே பெரிய வாஷர், நட்டை இறுக்கியபின் நுனியை அடித்து மழுக்குதல், இவ்வளவும் வேண்டும். பூட்டிய நிலையில் ஒரு திருகாணியும் வெளியே தெரியக்கூடாது. வெளியே திறக்கும் கதவில் பிணைச்சல் ஊசி வெளியேதான் இருக்கும். அதைத் தட்டிக் கழற்ற முடியாதபடி செய்யுங்கள், அல்லது பிணைச்சல் பக்கம் இரண்டு இரும்பு முளை வைத்து நிலைக்குள் செல்லவிடுங்கள்.

உரக் காம்பராவுக்குத் தனிக் கணக்கு. பித்தளைப் பூட்டுத் துருப்பிடிக்காது என்று எல்லோரும் அதைத்தான் அங்கே போடுகிறார்கள். யூரியாவும் சல்பேட் ஒப் அமோனியாவும் ஈரத்தில் விடும் அமோனியா பித்தளையின் எதிரி. இறுக்கத்தில் இருக்கும் பித்தளை அமோனியா பட்டால் மயிரிழை போல விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகளில் விரிசல் விழுந்ததில்தான் இது முதலில் பெரிதாகக் கவனிக்கப்பட்டது. காரணம் குதிரை மூத்திரத்தின் அமோனியா. ஆகவே உரக் காம்பராவுக்குத் துருவேறா உருக்கு உடல் வாங்குங்கள். மியூரியேட் ஒப் பொட்டாஷ் உரம் குளோரைட் ஆகையால் 304 தரத் துருவேறா உருக்கிலும் புள்ளி விழும். 316 கிடைத்தால் நல்லது. உள்ளே சிலிண்டர் எப்படியும் பித்தளையாகத்தான் இருக்கும். அதனால் பூட்டுக் கதவின் வெளிப்பக்கம், உர மூட்டை உரசாத உயரத்தில் தொங்கட்டும். மாதம் ஒருமுறை பாருங்கள், வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஊர்ப் பழக்கம் கெடுதி. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் அது வருடத்தின் பெரும்பகுதி மெழுகுதான். மாலையில் ஊற்றிய பூட்டு விடியற்காலையில் திறக்க மறுப்பது இதனால்தான். பின்கள் மெழுகில் ஒட்டி நிற்கும். இயந்திர எண்ணெய் உறையாது, ஆனால் தூள் சலிக்கும் சிப்டிங் ரூமின் பஞ்சைப் பிடித்துக் கருஞ்சேறாக்கும். டபிள்யூ.டி.-40 கழுவுவதற்குச் சரி, அதையே மசகாக நம்பவேண்டாம். முறை இது: காற்றுக் குழாயால் தூசை ஊதுங்கள், கழுவும் திரவம் அடித்துச் சாவியை இருபது தடவை உள்ளே வெளியே இழுத்துத் துடையுங்கள், ஒரு மணி நேரம் காயவிட்டு டெஃப்லோன் உலர் ஸ்பிரே இரண்டு விசிறு விடுங்கள். கிராபைட் தூள் உலர்ந்த ஆபிஸ் கதவுகளுக்கு நன்று. எண்ணெய் பட்ட பூட்டில் கிராபைட் போட்டால் களிமண்.

ஐந்தாவது படி: பூட்டுக்காரர் வரும் நாள்

ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ ஆளைக் கூப்பிடும் முன், வேலைப் பட்டியலைக் கதவு எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை வெற்றுச் சாவி, எத்தனை வெட்டிய சாவி என்று எண்ணிக்கை அதில் இருக்கவேண்டும். வாசலில் தேசிய அடையாள அட்டையைப் பதிந்து, அவர் கொண்டுவரும் வெற்றுச் சாவிகளை எண்ணி எழுதுங்கள். நாற்பது வந்தால் மாலையில் வெட்டியது, கெட்டது, மீதி மூன்றும் கூட்டி நாற்பது வரவேண்டும். கெட்டுப்போன சாவிகளையும் வாங்கி வையுங்கள். "கெட்டுப்போச்சு" என்று பையில் போட்ட சாவியை இன்னொரு தடவை அரத்தால் தேய்த்தால் நல்ல சாவி.

வேலை முடியும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும். அவரைச் சந்தேகப்படுவதற்காக அல்ல. அவர் பிளேன்டீ குடிக்கப் போகும்போது சாவிக் கட்டும் கூடவே போகும், அதற்காக. சாவியைப் படம் பிடிக்கவிடாதீர்கள். வெட்டின் உருவம் தெளிவாக விழுந்த ஒரு படம் போதும், சாவி இல்லாமலே சாவி வெட்டலாம்.

கண்ணை வைக்கவேண்டிய இடம் சிலிண்டர் பிரிக்கும் மேசை. பூட்டு இறுகினால் அவசரக்காரப் பூட்டுக்காரர் செய்வது, ஒட்டுகிற பின்னை எடுத்து எறிவது. ஐந்து பின் மூன்றாகும். சாவி வெண்ணெயில் போவதுபோல் போகும், எல்லோரும் அவர் கையைப் புகழ்வார்கள். ஆனால் இப்போது வேறு சாவிகளும் அதைத் திறக்கும், ஊசி விட்டுத் திறப்பதும் சுலபம். வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்து கீழ்ப் பின், ஐந்து மேல் பின், ஐந்து ஸ்பிரிங் எண்ணி உள்ளே போகவேண்டும்.

பிரதி வெட்டும்போது மூலச் சாவியிலிருந்து மட்டும் வெட்டச் சொல்லுங்கள். பல பூட்டுகளில் ஒரு வெட்டின் ஆழத்துக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டரளவுதான் வித்தியாசம். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொன்று என்று போனால் பிசகு சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது தலைமுறைச் சாவி ஆட்டி ஆட்டித்தான் திறக்கும், அந்த ஆட்டலில் பின்னும் தேயும்.

காசு கொடுக்கும் முன் இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. கதவைத் திறந்து வைத்து, ஒவ்வொரு சாவியாலும் பத்துத் தடவை பூட்டித் திறக்கவும். இங்கே இறுகினால் பிழை பூட்டில்.

2. கதவை மூடி மறுபடி பத்துத் தடவை. இங்கே மட்டும் இறுகினால் பிழை கதவிலோ நிலையிலோ. பூட்டுக்காரரைத் திட்டவேண்டாம், தச்சரைக் கூப்பிடுங்கள்.

3. நாக்கு நிலைக்குள் 20 மில்லிமீட்டராவது போகிறதா, கதவுக்கும் நிலைக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று அளக்கவும்.

4. நாக்கு நுழையும், நிலையில் உள்ள தகட்டின் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்க்கவும். 75 மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் 20 போட்டிருப்பது அடிக்கடி நடக்கும்.

5. மற்றக் கதவுகளின் சாவிகளை எல்லாம் இந்தப் பூட்டில் போட்டுப் பார்க்கவும். ஒன்றுகூடத் திறக்கக்கூடாது. அலுப்பான வேலைதான், ஆனால் பின் எடுத்த களவும் மாஸ்டர் திட்டப் பிழையும் வெளியாவது இங்கேதான்.

ஆறாவது படி: சாவிப் பெட்டியும் பதிவேடும்

சுவரில் பதித்த இரும்புப் பெட்டி, எண் போட்ட கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் எப்போதும் ஒன்று தொங்கவேண்டும்: சாவி, அல்லது அதை எடுத்தவரின் பெயர் வில்லை. வெறுங்கொக்கி என்றால் ஏதோ பிழை. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், கொப்பி புரட்டவேண்டியதில்லை.

பதிவேட்டில் சாவிக் குறி, எடுத்த நேரம், கையெழுத்து, திருப்பிய நேரம், வாங்கியவர் கையெழுத்து. கொழுந்து கூடும் மாதங்களில் இரவும் பகலும் வேலை நடக்கும்போது ஷிப்ட் மாறும் நேரம்தான் ஓட்டை விழும் இடம். போகிறவர் பெட்டியைக் காட்டி, வருகிறவர் சாவிகளை எண்ணி, இருவரும் ஒரே வரியில் கையெழுத்திடவேண்டும். எண்ணாமல் போட்ட கையெழுத்து பின்னால் போட்டவர் தலையில்தான் விடியும். புதிய காவல்காரருக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

உபரிச் சாவிகள் வேறு இடத்தில், துரையின் பெட்டகத்தில், உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின்மேல் இருவர் கையெழுத்திட்டு இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறை ஒட்டியபடியே இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சாவி தொலைந்தால்

அன்றே சொன்னவரைத் தண்டிக்காதீர்கள். தண்டனைக்குப் பயந்தால் ஆள் டவுனில் பிரதி வெட்டிக்கொண்டு வந்து தொங்கவிடுவார், தொலைந்தது உங்களுக்குத் தெரியவே வராது. சரக்குக் கதவு, மருந்து ஸ்டோர், ஆபிஸ் என்றால் அன்று இரவுக்குள் சிலிண்டரை மாற்றுங்கள். இதற்காகவே மாற்றுச் சிலிண்டர் இரண்டும் ஆமைப்பூட்டு நான்கும் கையிருப்பில் இருக்கவேண்டும். மாஸ்டர் தொலைந்தால் அந்தத் தொகுதி முழுவதும் மாறவேண்டும். மாஸ்டரை ஆபிஸ் பெட்டியை விட்டு வெளியே விடாமல் இருக்க இந்தச் செலவுக் கணக்கே போதும். சாவி கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் கழித்து யாராவது கொண்டுவந்தால், மாற்றிய பூட்டைத் திரும்ப மாற்றவேண்டாம்.

இயந்திரத்துக்குப் போடும் பூட்டு

இது களவுக்கான பூட்டு அல்ல, உயிருக்கான பூட்டு. கொழுந்து உருட்டும் ரோலரிலோ, நறுக்கும் ரோட்டர்வேனிலோ, வாட்டும் தொட்டியின் விசிறியிலோ கை வைக்கும் முன், மின்சார சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டைப் போட்டுத் தன் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. நான்கு பேர் வேலை செய்தால், பல துளையுள்ள கொக்கியில் நான்கு பூட்டு. கடைசிப் பூட்டுக் கழன்றால்தான் சுவிட்ச் ஏறும். இந்தப் பூட்டுகளுக்குச் சிவப்பு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரே சாவி, மாஸ்டர் கிடையாது, சாவிப் பெட்டியில் உபரியும் கிடையாது. அவற்றை எடுத்துக் கதவுக்குப் போடுகிறவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

பராமரிப்புக்கு மாதம் பார்த்தல்

ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அதற்கு முன் மார்ச், ஏப்ரலில் எல்லாப் பூட்டையும் கழுவி உலர் ஸ்பிரே போட்டுவிடுங்கள். ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளையில் கணக்கு வேறு. அங்கே ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் மரக் கதவு சுருங்கும், ஒக்டோபர் மழையில் ஊதும். வறண்ட மாதத்தில் நிலைத் தகட்டை நகர்த்திச் சரிபார்த்தால் மழையில் நாக்கு இடிக்கும். தகட்டின் துளையை மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் அரத்தால் பெரிதாக்கி விட்டால் இரண்டு காலத்துக்கும் ஓடும். கதவு இடித்தால் சாவியை முறுக்கித் திறப்பது எல்லோருக்கும் பழக்கம். சாவி சிலிண்டருக்குள் ஒடிவது அப்போதுதான்.

மாற்றிய பூட்டுகளையும் செத்த சாவிகளையும் ஒரு டின்னில் போட்டு வைத்திருப்பார்கள், "எதுக்காச்சும் உதவும்" என்று. வருடம் ஒருமுறை அந்த டின்னைக் கொட்டி எண்ணுங்கள். சாவிகளை வெட்டு இருக்கும் பாகத்தின் நடுவில் இரண்டாக நறுக்கி, குறியைப் பதிவேட்டில் சிவப்பால் அடித்து, இருவர் கையெழுத்திட்டுப் பழைய இரும்புக்குப் போடுங்கள். பூட்டையும் அதன் சாவித் துண்டையும் ஒரே மூட்டையில் அனுப்பவேண்டாம்.